பாம்பன் பாலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத கவசம்!

பாம்பன் கடலில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும். அதைப் பார்த்து வியக்காதவர் இல்லை.

ஆனால், பாலத்தின் ஆயுளைக் காக்கும் ஒரு கவசம் யார் கண்ணுக்கும் தெரியாது!

உப்புக்காற்றின் வேலை

கடல் உப்பு இரும்புக்கு எமன். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலம் 100 ஆண்டுகளுக்கு மேல் அந்த எமனோடு போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

ஆகவே, புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளை வைத்தார்கள். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த உருக்கில் குரோமியம் கலந்திருக்கிறது. அது பிராணவாயுவோடு சேர்ந்து, மேலே ஒரு மெல்லிய படலமாகிறது. அதுதான் கவசம்! பாத்திரத்தில் கீறல் விழுந்தாலும், புதுப் படலம் உடனே மூடிக்கொள்ளும்.

அதன் தடிப்பு எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் கூறு போட்டால், அதில் 2 அல்லது 3 கூறுதான்!

ஒளியே அளவுகோல்

இவ்வளவு மெல்லியதை எப்படி அளப்பது?

கொல்லன் பட்டறையில் உருக்கைச் சூடேற்றினால் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் மாறும். மேலே படலம் தடிப்பதை ஒளி காட்டிக்கொடுக்கிறது. எவர்சில்வரின் படலமோ நிறம் காட்டாத அளவுக்கு மெல்லியது.

அதற்கும் விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். சாதாரண ஒளி பல திசைகளில் அதிரும். அதை ஒரே திசையில் அதிரச் செய்து, உலோகத்தின் மேல் சாய்வாகப் பாய்ச்சுவார்கள். பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு சற்று மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டு படலத்தின் தடிப்பைக் கணக்கிடுவார்கள். நார்வே விஞ்ஞானி லெய்ஃப் டிரான்ஸ்டாட், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இரும்பையும் உருக்கையும் இப்படி ஆராய்ந்தார்.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. உலோகத்தை உப்பு நீரில் வைத்தபடியே, கண்ணாடிச் சாளரத்தின் வழியாக ஒளியைச் செலுத்தலாம். படலம் வளர்வதையும் மெலிவதையும் அப்போதே அறியலாம். எந்த உருக்கு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று தேர்ந்தெடுக்க இது துணை செய்கிறது.

கவசத்துக்கும் எல்லை உண்டு

உப்பில் உள்ள குளோரின் மிகுந்தால் எவர்சில்வரின் படலத்திலும் ஓட்டை விழும். ஊசிமுனை அளவு குழி, உள்ளே ஆழமாக அரித்துக்கொண்டு போகும்.

கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி மீது ஒளியைப் பாய்ச்ச முடியாது. ஆய்வுக்கூடம் நல்ல உருக்கைக் காட்டித் தரும். கான்கிரீட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாலத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பழைய பாலம் நூறாண்டு கண்டது. புதிய பாலமும் நூறாண்டு காண வேண்டுமானால், நல்ல உருக்கு மட்டும் போதாது; ஓயாத கண்காணிப்பும் வேண்டும்!