கொற்கை முத்தும் ரோமாபுரிச் சீமாட்டியரும்

சாகுபுரத்து உப்பளங்களைத் தாண்டி வடமேற்கே சற்றுத் தூரம் சென்றால், கடல் பின்வாங்கியதால் இன்று உள்நாட்டுச் சிற்றூராய் நிற்கும் கொற்கையை அடையலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிச் சீமாட்டியரின் செவிகளை அலங்கரித்த முத்துக்களில் ஒரு பகுதி இக்கரையிலிருந்தே சென்றது. அங்கே ஆபரணம் அந்தஸ்தின் பிரகடனம். அதனாலன்றோ ஜூலியஸ் சீசர், முத்தணியும் உரிமையையே குறிப்பிட்ட சிலருக்கென வரையறுத்தார். லோலியா பாலினா என்னும் மாது, சாதாரணமானதொரு நிச்சயதார்த்த விருந்துக்கே, கூந்தலிலும் காதிலும் கழுத்திலும் விரல்களிலும் முத்தும் மரகதமும் மின்ன, 4 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) பெறுமானமுள்ள நகைகளுடன் வந்து, கேட்போருக்குக் காட்ட விலைப் பத்திரங்களையும் ஆயத்தமாய் வைத்திருந்தாள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். (நம் கல்யாண வீடுகளில்கூட இவ்வளவுக்கு யாரும் துணிவதில்லை!) இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸைக் கவர்ந்து செல்வதாகவும் அவர் புலம்பினார்.

அப்புலம்பலை மேடைதோறும் எடுத்துக்காட்டிப் பெருமிதம் கொள்ளும் நாம், பாண்டியரின் ஆட்சிக்குட்பட்ட கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று பெரிப்புளுஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் கூறுவதை ஏனோ சௌகரியமாக மறந்துவிடுகிறோம். கொற்கை அகழாய்வில் கிடைத்த சிப்பி ஓடுகளைக் காட்சிக்கு வைக்கும்போது, ரோம நாணயங்களுக்குத் தரும் விளக்கத்தில் பாதியேனும், மூச்சடக்கி மூழ்கிய அம்மனிதர்களுக்கும் தரப்பட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.