தண்டச் சம்பளமா, பேசிய கூலியா?

கால்பந்து பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு வசை அடிக்கடி காதில் விழுகிறது. களமிறங்காமல் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரைத் ‘தண்டச் சம்பளக்காரன்’ என்கிறார்கள். கிளப்புக்கு அவர் வேண்டாம், பயிற்சியாளர் ஒதுக்கிவிட்டார், மானமுள்ளவராக இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்பது வாதம். பெரியவர்கள் சிலர் ஒருபடி மேலே சென்று, உழைக்காமல் பெறும் பணம் ஹலாலாகுமா என்று மார்க்கத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். அழைத்தவர்கள் அது சொல்வதை முழுமையாகக் கேட்டுவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

இந்த வசைக்கு முதல் இலக்காக நிற்பவர் நெதர்லாந்தின் வின்ஸ்டன் போகார்ட். 2000 ஆகஸ்டில் பார்சிலோனாவிலிருந்து லண்டனின் செல்சி கிளப்புக்கு வந்தார். நான்காண்டு ஒப்பந்தம், வாரம் 40,000 பவுண்டு சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதின. சில வாரங்களிலேயே பயிற்சியாளர் வியாலி நீக்கப்பட்டார். அடுத்து வந்த ரானியேரியின் திட்டத்தில் போகார்டுக்கு இடமில்லை. இளையோர் அணியோடு பயிற்சி செய்ய அனுப்பினார்கள். நான்காண்டுகளில் அவர் ஆடிய ஆட்டங்கள் 12. ஆயினும் அவர் விலகவில்லை. 2004இல் ஒப்பந்தம் முடிந்த பிறகே வெளியேறினார். இன்றளவும் பேராசைக்கு உதாரணமாக அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அவர் யாருடைய பணத்தைத் திருடினார்? அந்த ஒப்பந்தத்தை அவர் மட்டுமா எழுதினார்? தொகையைச் சொன்னதும், காலத்தை நிர்ணயித்ததும், கையெழுத்திட்டதும் செல்சி நிர்வாகம் அல்லவா?

கூலியைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் மிக நுணுக்கமாகப் பேசுகின்றன. நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில் வேலையாட்கள் இரு வகை. தையற்காரரைப் போல ஊரார் பலருக்கும் வேலை செய்பவர் ‘அஜீர் முஷ்தரக்’. சட்டையைத் தைத்து முடித்தால்தான் அவருக்குக் கூலி. ஒரு மாதம் ஆடு மேய்க்க, ஓராண்டு பணிவிடை செய்ய என ஒருவருக்கென்றே காலம் குறித்து அமர்த்தப்பட்டவர் ‘அஜீர் காஸ்’. இவர் தம்மை வேலைக்கு ஒப்படைத்துவிட்டால் கூலிக்கு உரியவராகிவிடுகிறார். வேலை வாங்காமல் விட்டது அமர்த்தியவரின் பாடு. உஸ்மானியப் பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பான மஜல்லா, தன் 425ஆவது விதியில் இதையே சட்டமாக்கியது. ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: வேலை செய்ய மறுத்தால் கூலி இல்லை.

கால்பந்து வீரர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். ஒப்பந்தக் காலத்தில் அவர் வேறொரு கிளப்புக்கு ஆட இயலாது. (இத்தொழிலின் கூலி பற்றிய மற்ற மார்க்க விவாதங்களை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன்.) ஆகவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பயிற்சிக்கு ஒழுங்காக வந்தாரா? காயம் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்திருந்தால், பயிற்சியைப் புறக்கணித்தால், நானும் அவரை ஏசத் தயார். வந்து நின்றவரை ‘உன்னை ஆடவிட மாட்டேன், சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போ’ என்பது எந்த நியாயம்? வளைகுடாவுக்கு ஈராண்டு ஒப்பந்தத்தில் போன நம் வீட்டுப் பிள்ளையை ஆறாம் மாதம் ‘நீ வேண்டாம்’ என்று வெறுங்கையோடு திருப்பியனுப்பினால், நாம் அந்த முதலாளியையா மெச்சுவோம்? அவன் ஏழை, இவர் கோடீஸ்வரர் என்பீர்கள். தொகை கூடினால் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்று எந்த நூலில் இருக்கிறது? சூரத்துல் மாயிதா ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்கு இடும் கட்டளையோடு தொடங்குகிறது. அங்கே தொகைக்கு வரம்பு எதுவும் இல்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2021 கோடையில் ஹாரி கேன் டாட்டன்ஹாமை விட்டு மான்செஸ்டர் சிட்டிக்குச் செல்ல விரும்பினார். 2024 வரை ஒப்பந்தம் இருக்கிறது என்று கிளப் விட மறுத்தது. அவர் பயிற்சிக்குத் தாமதமாக வந்தபோது, கையெழுத்திட்டவர் அதை மதிக்க வேண்டாமா என்ற பேச்சுத்தான் ஓங்கி ஒலித்தது. சரியான பேச்சு, நானும் அதையே சொல்வேன். ஆனால் வீரர் போக நினைத்தால் வேதவாக்காகும் ஒப்பந்தம், கிளப் கைவிட நினைத்தால் மட்டும் வெறும் தாளாகிவிடுமா?

இனி நம் வீடுகளில் மிகுதியும் அடிபடும் பெயருக்கு வருகிறேன். மெசுட் ஓசில் 2018 தொடக்கத்தில் அர்செனலோடு 2021 வரை புதிய ஒப்பந்தம் செய்தார். வாரத்துக்கு 350,000 பவுண்டு என்று செய்திகள் கூறின. 2019 டிசம்பரில் உய்குர் முஸ்லிம்களுக்காக அவர் குரல் கொடுத்தார். அது அவருடைய சொந்தக் கருத்து, கிளப் அரசியலில் ஈடுபடுவதில்லை என்று அர்செனல் ஒதுங்கிக்கொண்டது. சீன அரசுத் தொலைக்காட்சி அர்செனல் ஆட்டமொன்றின் ஒளிபரப்பையே நிறுத்தியது. கொரோனாக் காலத்தில் 12.5 விழுக்காடு சம்பளக் குறைப்புக்கு ஓசில் இணங்கவில்லை. 2020 மார்ச்சுக்குப் பின் அவர் அர்செனலுக்காக ஆடவே இல்லை. அக்டோபரில் பிரீமியர் லீக், யூரோப்பா லீக் இரண்டின் வீரர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். ஆட்டம் சார்ந்த முடிவே என்றார் பயிற்சியாளர் ஆர்டெட்டா. அவர் உள்ளத்தைப் பிளந்து பார்க்க நமக்கு அதிகாரமில்லை, இருக்கட்டும். ஆனால் சம்பளக் குறைப்பு என்பது ஒருவரிடம் வைக்கப்படும் கோரிக்கை. கோரிக்கையை மறுப்பவர் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார். குறைப்பு நடந்த அதே ஆண்டு ஆகஸ்டில் 55 பணியிடங்களை நீக்கப்போவதாக அர்செனல் அறிவித்தது என்பதையும் மறக்க வேண்டாம். கிளப்பின் பச்சை டைனோசர் வேடக்காரருக்கு வேலை போனபோது, தாம் அங்கிருக்கும் வரை அவர் சம்பளத்தைத் தாமே தருவதாக ஓசில்தான் முன்வந்தார். இறுதியில் 2021 ஜனவரியில் இருதரப்பும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன. நம் நூல்கள் ‘இகாலா’ என்று அழைக்கும் ஒழுங்கான வழி அதுவே.

ஒழுங்கற்ற வழியும் இருக்கிறது. வேண்டாதவரைத் தனி நேரத்தில், தனி மைதானத்தில் பயிற்சி செய்ய வைத்து, அவமானம் தாங்காமல் அவரே ஓடும்படி செய்வது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இதை அறிந்தே 2018இல் தன் விதிகளைத் திருத்தியது. ஒருவரை நெருக்கி ஒப்பந்தத்தைக் கைவிட வைக்க முயன்றால், பாதிக்கப்பட்டவர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி இதுதான்.

விட்டுக்கொடுப்பது சிறப்பல்லவா என்று கேட்கலாம். சந்தேகமில்லாமல் சிறப்புத்தான். அதே அர்செனலில் இருந்த பிரேசில் வீரர் வில்லியன், ஆட்டம் சரிப்படவில்லை என்று 2021 ஆகஸ்டில், இன்னும் ஈராண்டு மீதமிருக்கையிலேயே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பினார். மீதித் தொகையையும் விட்டுவிட்டதாகச் செய்திகள் வந்தன. அது இஹ்ஸான்; அவரை மனமாரப் பாராட்டுவோம். இஹ்ஸானைச் செய்பவர்தான் தம் விருப்பத்தோடு செய்ய வேண்டும். கடன் பட்டவர் அதைக் கேட்டு மிரட்ட முடியாது. அர்செனல் ஓசிலுக்குக் கடன்பட்டிருந்தது.