சித்திரையில் நிற்கும் எடை

நார்வேயின் வடகோடியில் குளிர்காலம் வந்ததும் துருவ மான் குட்டியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வேண்டிய மட்டும் தீவனம் வைத்தாலும் குறைவாகவே தின்கிறது, இரத்தத்தில் வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்-1 இறங்குகிறது. பகல் நீளத் தொடங்கியதும் பசியும் வளர்ச்சியும் திரும்புகின்றன. நாளின் ஒளி அளவு மெலடோனின் வழியே உடலுக்கு இடும் கட்டளை இது.

இந்தப் பாடம் கும்மிடிப்பூண்டிக்கு அப்படியே பொருந்தாது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. திருவள்ளூர் மாவட்டத்தின் சென்னை சிவப்புச் செம்மறிக்கு மேய்ச்சலும் வெயிலும்தான் பருவம்.

தையில் பிறந்த குட்டியைப் பார்ப்போம். சம்பா அறுத்த வயலில் தாய் மேய்கிறது, பால் சுரக்கிறது. மூன்று மாதத்தில், சித்திரை வெயில் கொளுத்தும்போது, குட்டி பால் மறக்கிறது. தரையில் பச்சை இல்லை. தீவனம் குறைந்தால் பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகவே சுரக்கும். ஆனால் கல்லீரல் அதற்கு இணங்காது, ஐ.ஜி.எஃப்-1 விழும். உடல் வெப்பத்தைக் குறைக்கத் தைராய்டும் தணியும். ஆய்வகத் தாளில் இது துருவ மானின் குளிர்கால ஓய்வுபோலத் தெரியலாம். உண்மையில் இது பட்டினி.

பெட்டைக் குட்டிக்கு இழப்பு இன்னும் நீளும். உடல் தேறும்வரை சினையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் துடிப்புகள் அடிக்கடி எழா. முதல் சினைப்பருவம் தள்ளிப்போகும். மழைக்குப் பின் தேறிவிடும் என்று காத்திருப்பது தவறான ஆலோசனை. எடை ஓரளவு மீளும், போன மாதங்கள் மீளா.

மேய்க்கால் நிலமும் சுருங்கிவிட்டது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போன ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், ஊர்க் கால்நடைகள் மேய்ந்த நிலம்.

ஆகவே அடர்தீவனத்தைப் பங்குனியிலேயே, குட்டி பால் மறக்குமுன், பழக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கு, தவிடு, உடைத்த மக்காச்சோளம், தாது உப்பு எல்லாம் உள்ளூரில் கிடைப்பவையே. வேலியோரம் அகத்தியும் சூபாபுல்லும் இருந்தால் செலவு குறையும். குடற்புழு நீக்கமும் அதோடு நடக்கட்டும். மேய்ச்சல் காலையிலும் மாலையிலும் போதும்.

பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரக் கால்நடை மருத்துவர்கள் மாசி முதல் ஆடி வரை மாதம் ஒருமுறை குட்டிகளை எடைபோட்டு, பிறந்த தேதி, மேய்ந்த இடம், தந்த தீவனம் ஆகிய விவரங்களுடன் இவ்விதழுக்கு எழுத வேண்டும். ஹார்மோன் சோதனைக்கு இரத்தம் எடுப்போர், குட்டி அந்த வாரம் என்ன தின்றது என்பதையும் மாதிரியோடு எழுதி அனுப்புங்கள்.