ரெண்டு டெஸ்ட்தானே என்று சிரிக்காதீங்க!

நம்ம பள்ளியில் கிரிக்கெட் பேச்சு என்றால் சச்சின், தோனி, கோலி மூன்று பேரோடு முடிந்துவிடும். எஸ். பத்ரிநாத் பேரைச் சொன்னால், "அவரா? இந்தியாவுக்கு ரெண்டே டெஸ்ட்தானே ஆடினாரு!" என்று சிரிக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

சென்னையில் பிறந்த பத்ரிநாத் முதல்தரப் போட்டிகளில் 145 ஆட்டம் ஆடி 10,245 ரன் எடுத்தவர். 32 சதம், சராசரி 54-க்கு மேல்! ஆனால் அப்போது இந்திய அணியின் நடுவரிசையில் டிராவிட், சச்சின், லட்சுமண் இருந்தார்கள். இடம் காலியானால்தானே? 2010-ல் டிராவிடும் லட்சுமணும் காயத்தால் ஆடாதபோதுதான் நாக்பூரில் வாய்ப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 29. டேல் ஸ்டெயின் 7 விக்கெட் எடுத்த அந்த இன்னிங்ஸில் இவர் 56 ரன் அடித்தார். அடுத்த டெஸ்டோடு சரி. 2011-ல் ஆடிய ஒரே சர்வதேச டி-20 போட்டியில் 43 ரன் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். அதற்கப்புறமும் ரஞ்சி ஆடுவதை விடவில்லை. 2018-ல்தான் ஓய்வு அறிவித்தார்.

இதை ஏன் சொல்றேன்னா, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேட்ச் ஆடப் போகும்போது நம்ம டீமிலும் பதினோரு பேருக்குத்தான் இடம். பன்னிரண்டாவது ஆளும் தினமும் வெயிலில் பிராக்டிஸ் செய்தவன்தான். தண்ணி பாட்டில் தூக்குகிறான் என்று அவனைக் கேலி பண்ணாதீங்க. பி.டி. சாருக்கும் ஒரு வேண்டுகோள்: வருஷத்தில் ஒரு மேட்ச்சாவது அவனை இறக்கிப் பாருங்க சார். அவனும் ஒரு 56 அடிக்கலாம்!

– பத்தாம் வகுப்பு மாணவன்