பட்டாணியரும் நம் வாவிக்கரையும்

சென்ற ஆண்டில் ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கு மட்டக்களப்பு நாட்டின் பழங்கதைகளை எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன். இடையில், “பட்டாணியர் என்போர் யாவர்?” என வினவினேன். வகுப்பு மௌனமாயிற்று. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “அது கடலை, சேர்” என்றான். எல்லோரும் நகைத்தனர், யானும் நகைத்தேன். ஆயின் வீடு திரும்பும் வழியில் அந்த நகைப்பு என்னை உறுத்திற்று. நம் பாட்டன்மார் திண்ணையிலிருந்து கூறிய கதையை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது அவர் குற்றமன்று. கூறாதொழிந்த நம் குற்றமே.

பழைய மாணவருள் முதியோர் அக்கதையை அறிவர். முன்னொரு காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் இவ்வாவியின் ஆட்சி குறித்துப் பெரும்போர் மூண்டது. முக்குவர் தளர்ந்த வேளையில், வாணிகத்தின் பொருட்டு இங்கு வந்திருந்த பட்டாணியராகிய முஸ்லிம்கள் அவர்க்குத் துணைநின்றனர். திமிலர் தோற்று வடக்கே வெருகல் வரையும் துரத்தப்பட்டனர். பகைவரை வென்ற இடம் சத்துருக்கொண்டான். பகைவர் மீண்டும் ஏறாதவாறு காவல் வைத்த ஊர் ஏறாவூர். வென்றோர் வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை என்பர். துணைநின்றோர்க்கு முக்குவர் தம் பெண்களை மணமுடித்துக் கொடுத்து, நிலமும் கொடுத்து, தம் அருகே குடியிருத்தினர் என்று கதை முடிகின்றது.

ஊர்ப்பெயர்களுக்கு இவ்வாறு பொருள் கூறுதல் மக்களின் கற்பனைக்கு இன்பம் தருவதேயன்றி, வரலாற்றுச் சான்றாகாது. நம் முஸ்லிம் அயலவர் எல்லோரும் பட்டாணியர் வழிவந்தோர் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. பட்டாணியராகிய ஆப்கானியர் ஹனபி நெறியினர். நம் பகுதி முஸ்லிம்களோ, காயற்பட்டினத்தாரையும் மலையாளக் கரை மாப்பிள்ளைமாரையும் போன்று, பெரும்பாலும் ஷாபி நெறியினர். ஆதலின் இங்கு வந்து நிலைத்தோர் பலரும் தென்னிந்தியக் கடல்வழி வந்தோர் எனக் கொள்வதே பொருத்தம். கதையிலுள்ள பட்டாணியர் சிலரேயாதல் கூடும். எனினும் ஒரு நாட்டு மக்கள் தம் அயலவரை எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதற்குக் கதையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. இக்கதையின் கருப்பொருள் கடப்பாடு. உதவி பெற்றோர் உறவு கொடுத்தனர் என்பதே அது.

பட்டாணியர் பிறந்த நிலத்தின் வரலாற்றையும், அதனை அடுத்த பாரசீகத்தின் வரலாற்றையும் நோக்கினால் இக்கதை மேலும் தெளிவுறும். பாரசீகத்தின் இறுதிச் சாசானிய மன்னனாகிய யஸ்தகிர்து கி. பி. 651ஆம் ஆண்டில் மாண்டான். அராபியர் ஆட்சி நிலைபெற்றது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மக்களும் இஸ்லாத்தைத் தழுவினர். சமயம் மாறிற்று; அராபிய எழுத்தும் வந்தது. ஆயின் மொழி மாறவில்லை. எகிப்து முதலிய நாடுகள் அராபிய மொழியையே தம் மொழியாக ஏற்க, பாரசீகர் தம் தாய்மொழியிலேயே மீண்டும் காப்பியம் பாடினர். பிர்தௌசி தம் முன்னோராகிய பழைய மன்னரின் கதைகளை ‘ஷாநாமா’ எனப் பாடி 1010ஆம் ஆண்டளவில் முடித்தார். இஸ்லாத்துக்கு முற்பட்ட நவ்ரூஸ் என்னும் இளவேனிற் புத்தாண்டை ஈரானியர் இன்றும் கொண்டாடுகின்றனர்.

ஆப்கானியரும் அத்தகையோரே. பட்டாணியர் முஸ்லிம்களாயினும், தம் பஷ்தூ மொழியையும், ‘பஷ்தூன்வாலி’ எனப்படும் குலநெறியையும் கைவிட்டிலர். விருந்தினரை ஓம்புதலும், அடைக்கலம் புகுந்தோர் பகைவரேயாயினும் காத்தலும் அந்நெறியின் தலையாய அறங்கள். அம்மக்களுள் லோதி குலத்தார் 1451 முதல் 1526 வரை தில்லியில் அரசிருந்தனர். 1722இல் ஆப்கானியர் பாரசீகரின் தலைநகராகிய இஸ்பகானையே கைப்பற்றினர். 1747இல் அகமது ஷா காந்தகாரில் ஆப்கானிய அரசுக்கு அடிகோலினான். ஒரே சமயத்தினராகிய அவ்விரு மக்களும் மொழியாலும் வழக்கத்தாலும் உட்பிரிவாலும் வேறுபட்டு, நட்பும் பகையுமாக வாழ்ந்தனர். ஆகவே, ‘முஸ்லிம்’ என்ற ஒரு சொல்லால் எல்லா மக்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம் எனக் கருதுவோர் வரலாறு கற்றவராகார்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி ஈரானுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் வாவிக்கரையே சான்று. இங்குள்ள முஸ்லிம்கள் இஸ்லாத்தைப் பேணித் தமிழையும் பேணினர். தாய்வழிக் குடி முறை அவரிடத்தும் உண்டு, நம்மிடத்தும் உண்டு. கோயிலில் குடிவழி வண்ணக்கர் இருந்தாற்போலப் பள்ளிவாசலில் குடிவழி மரைக்காயர் இருந்தனர். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையைப் பெண்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் இரு சாராருக்கும் பொது. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை, பாரசீகத்து உமர் கையாமின் பாடல்களைத் தமிழாக்கித் தந்தார். நிசாப்பூரில் பிறந்த கவி இவ்வாவிக்கரைத் தமிழிற் பேசினான் என்றால், அது தமிழுக்கும் பெருமை, பாரசீகத்துக்கும் பெருமை.

இத்தொடர்பு நேற்றுத் தோன்றியதன்று. 1344இல் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா, புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டபோது, அவ்வரசன் பாரசீக மொழியை அறிந்திருந்தான் என எழுதினார். சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுக்குரியதாகக் காலியில் நாட்டிய கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தென்னாவரை நாயனாரையும் போற்ற, பாரசீகப்பகுதி இஸ்லாமியர்க்குரியதாய் நிற்கின்றது. மூன்று சமயங்களும் ஒரு கல்லில் இடம்பெற்றன. அவற்றுக்கு ஒரு தீவில் இடமில்லாமற் போகுமோ? மாணாக்கர் பந்தாடும் மைதானமும், தேர்ச்சி அறிக்கையிற் காணும் சராசரியும், பழங்கதைகளில் வரும் சிப்பாயும் பாரசீகத் தொடர்பால் நம் மொழிக்கு வந்த சொற்களே.

இனிக் கூறுதற்கரிய ஒன்றைக் கூறவேண்டும். முன்னர் யான் குறித்த ஊர்ப்பெயர்களை மீண்டும் நினையுங்கள். 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் ஏறாவூரில் குழந்தைகளும் பெண்களும் உறக்கத்தினின்றும் எழுப்பிக் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் பிடித்துச் செல்லப்பட்டு மீளாதொழிந்தனர். செப்டெம்பர் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் அழிந்தன. நட்பின் கதையைத் தாங்கி நின்ற ஊர்கள் நாற்பது நாள்களுக்குள் சாவின் பெயர்களாயின. அவ்வாண்டின் பின் பிறந்த பிள்ளைகள் இரண்டாம் கதையையே கேட்டு வளர்ந்தனர். அதுவும் பாதியையே கேட்டனர். தமிழ்ப்பிள்ளை சத்துருக்கொண்டானை மட்டும் அறியும். முஸ்லிம் பிள்ளை காத்தான்குடியையும் ஏறாவூரையும் மட்டும் அறியும். தன் துயரை மட்டும் அறிந்த நெஞ்சு நீதியை அறியாது.

“பழைய கதை கூறிப் புதிய புண் ஆறுமோ?” எனச் சிலர் வினவக்கூடும். கதையால் மட்டும் ஆறாது என்பதை ஒப்புகின்றேன். இழந்தோர்க்கு உண்மையும் நீதியும் வேண்டும். அவற்றுக்குக் கதை ஈடாகாது. ஆயின் அயலவனைப் பற்றி யாதும் அறியாதவன் வதந்தியை எளிதில் நம்புவான். அறியாமையை நீக்குதல் ஆசிரியராகிய எம் தொழில். அதனைச் செய்யாது பிறரைக் குறைகூற எமக்கு உரிமையில்லை.

கஜினி மாமூதைச் சோமநாதபுரத்தைச் சூறையாடியவனாகவே நம் பாடப்புத்தகங்கள் காட்டின. அது மெய்யே. ஆயின் அக்காலத்திலேயே, அவன் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்பிரூனி என்னும் அறிஞர் வடமொழியை வருந்திக் கற்று, இந்துக்களின் சமயத்தையும் கணிதத்தையும் வானநூலையும் பற்றி 1030ஆம் ஆண்டளவில் ஒரு பெருநூல் இயற்றினார். வாள் கொணர்ந்த நாட்டிலிருந்தே ஏடும் வந்தது. பகை கனன்ற காலத்தில் அயலாரின் மொழியைக் கற்று அவரை அறிய முயன்றார் ஒருவர். நமக்கோ அவ்வருத்தமும் இல்லை. நம் அயலவர் பேசுவது நம் தமிழே.

ஆதலின் இவ்விழா மலர் வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். பழைய மாணவர் சங்கத்தார் விழாவின் பொருட்டுக் கட்டடமும் கேடயமும் வழங்குவர், அவை வேண்டுவனவே. அவற்றோடு, பட்டாணியர் கதையை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள முதியோர் வாய்மொழியாகவே திரட்டி ஒரு சிறு நூலாக வெளியிடுதல் வேண்டும். திரட்டும் பணியை நம் மாணாக்கரும் அயலிலுள்ள முஸ்லிம் பாடசாலை மாணாக்கரும் இருவர் இருவராகச் சேர்ந்து செய்தல் வேண்டும். முஸ்லிம் முதியவர் கூறுவதை நம் மாணவனும், இந்து முதியவர் கூறுவதை முஸ்லிம் மாணவனும் எழுதட்டும். தோற்ற திமிலரின் வழியினர் என்ன கூறுகின்றனர் என்பதும் அதில் இடம்பெறல் வேண்டும். கதைகள் முரண்படுமாயின் முரண்பட்டவாறே அச்சிடுக. முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஆதலின் காலந்தாழ்த்தல் ஆகாது.

அந்நூல் கைக்கு வரும் நாளில் பின்வாங்கு மாணவனை மீண்டும் எழுப்பிப் பட்டாணியர் யாவர் என்று கேட்பேன். “நமக்கு உதவிய அயலவர், சேர்” என்று அவன் விடை கூறுவானாயின், யான் கற்பித்த இலக்கணம் முழுவதையும் அவன் மறந்துவிட்டாலும் குறைகூறேன்.