அந்த ஒரு நாழிகை

துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2024 ஜூன் மாதம் அறிவித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2022ல், அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,204 பேர். கொள்ளைக்காரர்களும் வெறியர்களும் சுட்டுக் கொன்றதே இதில் பெரும்பகுதி என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவல்ல. 27,000க்கும் அதிகமானவர்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். மனம் உடைந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இருந்தது, அதுவே வினையாயிற்று.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இது நாம் பெற்ற நன்மை. ஆனால் இதைச் சொல்லி நிம்மதியாக இருந்துவிட இயலுமா? 2022ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்றப் பதிவேடுகள் ஆணையம். தமிழ்நாட்டில் 19,834 பேர். கேரளத்தில் 10,162 பேர். நாடு முழுவதும் இவ்வாறு மாண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். அங்கே துப்பாக்கி செய்வதை இங்கே பல வீடுகளில் பூச்சிமருந்து செய்கிறது.

சாக நினைப்பவரை யாராலும் தடுக்க முடியாது என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. அந்த எண்ணம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் எழுவது. சில நாழிகையில் தணிவது. அந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கை இதற்குச் சான்று. கொடிய பூச்சிமருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்ததால் 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. கேரள அரசும் 2011ல் பல கொடிய மருந்துகளை விலக்கியது. ஆனால் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்கும் அதிகாரத்தையே அளிக்கிறது. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. அந்தக் கடமையை மத்திய அரசு தட்டிக் கழிக்கலாகாது.

நஞ்சை அகற்றுவது பாதி வேலைதான். மற்றப் பாதி மனத்தின் பாரத்தை இறக்குவது. சாலைக் கடைவீதியிலும் ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் அலுவலகங்களிலும் பாடுபடும் நம்மவர் பலர், குடும்பத்தை நெல்லையிலோ தென்காசியிலோ விட்டுவிட்டு வாடகை அறையில் தனித்து வாழ்கிறார்கள். கடன், குடி, ஊரிலிருந்து வரும் கெட்ட செய்தி ஆகியவற்றைத் தாய்மொழியில் சொல்லி அழ ஆள் இல்லை. மருத்துவரிடம் போகவோ வெட்கம். சென்னையில் கீழ்ப்பாக்கம் எப்படிக் கேலிச் சொல்லாயிற்றோ அப்படியே இங்கு ஊளம்பாறையும் ஆகிவிட்டது. 1870 முதல் நோயாளிகளைப் பராமரித்துவரும் ஒரு மருத்துவமனையின் பெயர் வசைச் சொல்லாவது நமக்குத்தான் இழுக்கு.

போலீசுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 2018ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை, தண்டிப்பதல்ல.

திருவனந்தபுரத்து அரசு மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த மனநல ஆலோசகர்களைக் கேரள அரசு நியமிக்க வேண்டும். 'திசா' உதவி எண் 1056ஐயும், தமிழிலும் பேச வசதியுள்ள 'டெலி மானஸ்' எண் 14416ஐயும் தொழிலாளர் தங்குமிடங்கள்தோறும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இதில் இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் முன்வந்து துணை நிற்கலாமே!

நமக்கும் பொறுப்பு உண்டு. அறையில் உடன் தங்குபவர் சில நாட்களாகச் சாப்பாட்டை ஒதுக்கி, பேச்சைக் குறைத்து, 'இனி என்ன இருக்கிறது?' என்று புலம்பினால், 'ஏதோ குடித்துவிட்டுப் பேசுகிறான்' என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடலாகாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல் கூட இருந்து, மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். போன உயிரை யார் மீட்டுத் தருவார்?