மெட்ரோ தூணில் என்ன வரையணும்? யார் முடிவு பண்ணணும்? - சான் டியாகோ முதல் கண்ணகி நகர் வரை

ஐயப்பன்தாங்கல் பஸ் டெர்மினஸை விட்டு மவுண்ட் - பூந்தமல்லி சாலைக்கு வந்தால், கண்ணில் படுவது வரிசையாக நிற்கும் மெட்ரோ தூண்கள்தான். கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடத்துக்காக எழுந்தவை. ‘வெறும் சிமென்ட் தூண்ல என்ன இருக்கு?’ என்று கேட்கலாம். இதே போன்ற தூண்களை வைத்து ஒரு ஊரே தன் வரலாற்றை எழுதியிருக்கிறது.

பாலத்துக்கு அடியில் ஒரு போராட்டம்

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இருக்கும் பாரியோ லோகன், மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் பகுதி. 1960-களில் நெடுஞ்சாலை வந்து ஊரை இரண்டாகப் பிளந்தது. 1969-ல் கொரோனாடோ பாலம் திறக்கப்பட்டது. பலர் வீடுகளை இழந்தார்கள். பாலத்துக்கு அடியில் பூங்கா வரும் என்று சொல்லியிருந்த இடத்தில், காவல் நிலையம் கட்ட புல்டோசர் வந்தது. 1970 ஏப்ரல் 22-ல் மக்கள் திரண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்தது, பூங்கா கிடைத்தது.

1973 முதல் பாலத்தின் தூண்களில் ஓவியங்கள் எழத் தொடங்கின. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ், மெக்சிகோ புரட்சி, பூர்வகுடித் தெய்வங்கள் எனத் தங்கள் கதையைத் தாங்களே வரைந்தார்கள். அதுதான் சிக்கானோ பார்க். 2016-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

‘சிக்கானோ’ என்பதே ஒரு காலத்தில் ஏளனச் சொல். அதையே பெருமையான பெயராக மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றத்தில் சுவர்களுக்கும் பங்கு உண்டு.

நம்ம ஊர் சுவர்கள் என்ன சொல்கின்றன?

தமிழ்நாட்டில் சுவர் எப்போதுமே அரசியல் மேடைதான். தேர்தல் வருவதற்கு முன்பே வெள்ளையடித்து, ‘இந்த இடம் எங்கள் கட்சிக்கு’ என்று எழுதி ரிசர்வ் செய்யும் பழக்கம் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2009-10 காலகட்டத்தில் சென்னை மாநகராட்சி, அண்ணா சாலைச் சுவர்களில் இருந்த போஸ்டர்களை அகற்றிவிட்டு தமிழர் கலை, பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தது. நகரம் அழகானது. ஆனால், அந்தச் சுவர்களில் சாமானியருக்கு இடம் கிடைத்ததா?

கண்ணகி நகர் மாற்றியது என்ன?

நகருக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக 2000-ம் ஆண்டு வாக்கில் ஓ.எம்.ஆர். அருகே உருவானது கண்ணகி நகர். ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்குள்ள இளைஞர்களின் நெடுநாள் குமுறல். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், சென்னை மாநகராட்சி ஆகியவை கைகோத்து அந்த அடுக்குமாடிகளின் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்களைக் கொண்டுவந்தன. அந்தப் பகுதிக் குழந்தைகளின் சிரித்த முகங்களை வரைந்தார் சென்னை ஓவியர் ஏ-கில். யார் யாரோ வந்து செல்ஃபி எடுக்கும் இடமானது கண்ணகி நகர்.

இது நல்ல மாற்றம்தான். ஆனால், சிக்கானோ பார்க்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே மக்கள் போராடி இடத்தைப் பெற்று, பிறகு வரைந்தார்கள். இங்கே திட்டம் வெளியிலிருந்து வந்தது. பெயின்ட் அடித்த சுவருக்குப் பின்னால் தண்ணீர், கழிவுநீர், வேலை என்ற கேள்விகள் அப்படியே நிற்கும் என்றால், ஓவியம் வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடியவர் கார்த்திகா. இன்று அவரை எல்லோரும் அழைப்பது ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றுதான். மறைக்க வேண்டியிருந்த முகவரி, பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. சிக்கானோ என்ற சொல்லுக்கு நடந்ததும் இதுதான்.

அப்போ, ஐயப்பன்தாங்கல் தூண்கள்?

நினைத்த நேரத்தில் யாரும் பிரஷ்ஷை எடுத்துவிட முடியாது. மெட்ரோ ரயில் சட்டம் 2002, அனுமதியின்றி மெட்ரோ வளாகங்களில் எழுதுவதையும் வரைவதையும் தடை செய்கிறது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஆனால், அனுமதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், வரைவதற்கு முன்பு ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே? மெட்ரோ பணியால் வருஷக்கணக்கில் தூசியும் டிராஃபிக்கும் தாங்கியவர்கள் அவர்கள்தான். பரதநாட்டிய முத்திரையும் மயிலும் எந்த ஊர்த் தூணிலும் வரையலாம். ஏரிகள் சூழ்ந்த புறநகர் எப்படி அபார்ட்மென்ட் நகரமாக மாறியது என்ற கதையை இந்தத் தூண்களில்தான் சொல்ல முடியும்.

தூண் மெட்ரோவுக்குச் சொந்தம். அதில் தெரியப்போகும் முகம் யாருடையது என்பதில், தினமும் அதைக் கடந்து போகிறவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.